காற்று வரும்போது வேலையில் இருப்பவர்கள்

ஐப்பசி மாதப் பிற்பகல் ஒன்றில் முல்லைத்தீவின் வற்றாப்பளையில் எத்தனை பேர் கூரையில்லாத இடத்தில் நின்று வேலை செய்வார்கள்? காலபோக விதைப்புக்கு வரம்பு கட்டுபவர்கள், நந்திக்கடலில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுபவர்கள், மாடு சாய்ப்பவர்கள், வீதி வேலைக்கு வந்த நாட்கூலிகள், பாதி எழும்பிய வீட்டின் சாரத்தில் நிற்கும் மேசன்மார். கூரைக்குக் கீழே இருப்பவர்களிலும் பலர் தகரக் கொட்டகைக்குள்தான் இருப்பார்கள். அரிசி ஆலையும் மர ஆலையும் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையும் மீன் வாடியும் அப்படித்தான். அனர்த்த முன்னாயத்தம் என்ற பேச்சு எழுந்தால் நம் மனதில் வருவது வீடும், வீட்டை விட்டுப் போய்த் தங்கும் பள்ளிக்கூடமும். காற்று வரும் வேளையில் ஒருவர் வீட்டிலும் இல்லை, முகாமிலும் இல்லை, கூலிக்கு வேலை செய்யும் இடத்தில் இருக்கிறார் என்றால் அவருக்கு யார் பொறுப்பு, அவர் எங்கே ஓட வேண்டும் என்பதைப் பற்றி வன்னியில் நாம் போதிய அளவு பேசியதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பெரும் புயலை வன்னி அறியும். 1964 டிசம்பர் 22 அன்று வவுனியா வழியாகத் தீவைக் கடந்த புயல்தான் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 மட்டக்களப்பைத் தாக்கியது, 2000 டிசம்பர் 26 திருகோணமலையைத் தாக்கியது, இரண்டும் இந்தக் கிழக்குக் கரையின் நினைவில் இருக்கின்றன. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியபோது, முல்லைத்தீவுக் கரைக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டச் செயலகத்துக்குக் கொடுக்க, பிரதேச செயலகம் வழியாகக் கிராம அலுவலருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. கடற்றொழிலாளர் கடலுக்குப் போகவில்லை, படகுகள் மேலே இழுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு, அதாவது சுனாமி கொடுத்த அடிக்குப் பிறகு, கட்டப்பட்ட இந்தச் சங்கிலி பல குறைகளோடும் வேலை செய்கிறது. நாட்கணக்கில் முன்னறிவு தரும் காற்றுக்கு அது போதும்.

நிமிடக்கணக்கில் வரும் காற்றுக்கு அது போதாது. பத்திரிகைகள் "மினி சூறாவளி" என்று எழுதும் காற்று அந்த இரண்டாவது வகை. பத்து இருபது வீடுகளின் கூரையைப் பிடுங்கி, நாலைந்து பனையைச் சாய்த்து, கால் மணித்தியாலத்துக்குள் ஓய்ந்துவிடும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், முற்பகல் வெயிலில் சூடேறிய நிலத்தின் மேல் ஈரக்காற்று மேலெழும்பி, பின்னேரத்தில் இடிமுகிலாகத் திரளும்போது இது நேர்கிறது. கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கை "வட மாகாணத்தில் இடியுடன் கூடிய மழையும் தற்காலிகப் பலத்த காற்றும்" என்ற அளவில்தான் இருக்க முடியும். எந்த ஊர், எந்த வயல் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு வேலைத்தலத்துக்கு மேலே அந்த முகில் வந்துவிட்டதா என்பதை அந்த இடத்தில் நிற்பவரே கண்டு, அவரே முடிவெடுக்க வேண்டும்.

இவையெல்லாம் உண்மையான சுழற்காற்றுகளா என்று கேட்பது அவசியம். அமெரிக்கச் சமவெளியில் ஊரையே துடைத்தெடுக்கும் அந்தச் சுழற்காற்று உருவாக, தரைக்கு அருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் பலத்த காற்று வீச வேண்டும். வற்றாப்பளை கிடக்கும் 9 பாகை வட அகலக்கோட்டுப் பகுதியில் அப்படியான நிலை அமைவது அரிது. ஆனால் தென்னாசியா முழுவதும் அப்படி என்று எண்ணக்கூடாது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் சாட்டூரியாவைத் தாக்கிய சுழற்காற்றில் ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள். உலகில் பதிவான சுழற்காற்று உயிரிழப்புகளில் அதுவே மிகப் பெரியது. நம் பக்கத்தில் வருவது பெரும்பாலும் சிறிய சுழலோ, முகிலிலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து தரையில் நாலாபுறமும் சிதறும் கீழ்வீச்சோதான். இந்தக் கீழ்வீச்சைக் கண்டறிந்தவர் ஜப்பானில் பிறந்த தெற்சுயா ஃபுஜிற்றா. 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்து கிடந்தன என்று ஆராய்ந்த அனுபவத்தை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு புயல் இடிபாடுகளில் பயன்படுத்தினார். விழுந்த மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்து கிடந்தால் கீழ்வீச்சு, ஒன்றை நோக்கி ஒன்று முறுகிக் கிடந்தால் சுழல். முல்லைத்தீவில் அடுத்த முறை பனைகள் சாயும்போது, அவற்றைத் துண்டாக்கி அகற்ற முன் ஒரு கைத்தொலைபேசிப் படமும் ஒரு திசைக் குறிப்பும் எடுத்து வைத்தால், பத்து ஆண்டுகளில் நமக்கென்று ஓர் அறிவு சேரும்.

ஃபுஜிற்றா வகுத்து, 2007இல் திருத்தப்பட்ட சுழற்காற்று அளவுகோலின் மிகக் கீழ்ப்படியே மணிக்கு 105 கிலோமீற்றரில்தான் தொடங்குகிறது. புரேவி கரையேறியபோது அதன் வேகம் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர். ஆக, உலகம் மிகச் சிறியது என்று கணக்கிடும் சுழற்காற்றும் தான் போகும் குறுகிய பாதையில் புரேவியைவிடப் பலமானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 70 கிலோ நிறைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். அதே சதுர மீற்றர் கூரைத் தகரத்தின் நிறை நாலைந்து கிலோ. தகரம் இருந்த இடத்தில் இருப்பது அதன் பாரத்தால் அன்று, அதைப் பிடித்திருக்கும் ஆணியாலும் திருகாணியாலும். காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துவிட்டால் உள்ளே நிரம்பும் காற்று கீழிருந்தும் தள்ளும். அழுத்தத்தைச் சமப்படுத்த யன்னலைத் திறந்துவிடு என்ற பழைய அறிவுரை பிழையானது என்று நிரூபணமாகி நெடுங்காலம் ஆயிற்று. சாத்த வேண்டும், சாத்திவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து விலக வேண்டும்.

வேலைத்தலத்தில் காற்று என்ன செய்யும் என்பதற்கு மூன்று சம்பவங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை நடந்த நாடு வேறு, காற்றின் பலமும் வேறு. ஆனால் ஆட்களைக் கொன்றவையும் காத்தவையும் நமக்கு அந்நியமானவை அல்ல.

2021 டிசம்பர் 10 இரவு, கென்ரக்கி மாநிலத்தின் மேஃபீல்ட் நகரில் ஒரு மெழுகுதிரித் தொழிற்சாலையில் 110 பேர் இரவு வேலையில் இருந்தார்கள். நத்தார் காலக் கேள்வி அதிகம், இயந்திரங்கள் ஓயாமல் ஓடின. அன்று மாலை முழுவதும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. தாங்கள் வீட்டுக்குப் போகக் கேட்டபோது, போனால் வேலை போகும் என்று மேற்பார்வையாளர்கள் சொன்னதாகத் தப்பிய தொழிலாளர்கள் பின்னர் கூறினார்கள், சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் அதை மறுத்தது. கட்டடம் தரைமட்டமாயிற்று, ஒன்பது பேர் இறந்தார்கள். அதே இரவில் இலினோய் மாநிலத்தின் எட்வேர்ட்ஸ்வில்லில் அமேசன் நிறுவனத்தின் பண்டசாலையில் ஆறு பேர் இறந்தார்கள். ஒதுங்குவதற்கென்று குறித்த இடம் வடக்குப் பக்கத்தில் இருந்தது. தெற்குப் பக்கத்தில் நின்றவர்கள் அருகிலிருந்த சாதாரணக் கழிவறைக்குள் ஒதுங்க, அந்தப் பக்கச் சுவரே சரிந்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் பிறகு விசாரித்தபோது, ஒதுங்குமிடம் எது என்று பலருக்கு ஞாபகமே இல்லை என்பதும், ஆட்களைக் கூப்பிடுவதற்கான ஒலிபெருக்கி ஒரு கம்பிக் கூட்டுக்குள் பூட்டிக் கிடந்தது என்பதும் வெளிவந்தன. எழுதி வைத்த திட்டம் அவர்களிடம் இருந்தது. திட்டத்தைக் குரலாக்கும் கருவி பூட்டுக்குள் இருந்தது.

மூன்றாவது சம்பவம் அதே இலினோயில், 2004 ஜூலை 13 அன்று, ரோனோக் என்ற சிற்றூரில். பார்சன்ஸ் என்ற உலோகத் தொழிற்சாலையை, ஃபுஜிற்றாவின் பழைய அளவுகோலின் நாலாம் படியில் வைக்கப்பட்ட சுழற்காற்று முற்றாக அழித்தது. வாகனங்கள் தூக்கி வீசப்பட்டன, இரும்புத் தூண்கள் முறுக்கப்பட்டன. உள்ளே இருந்த ஏறக்குறைய 140 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. தொழிற்சாலையைக் கட்டியபோதே அதன் உரிமையாளர் கழிவறைகளைக் கம்பி வைத்த கொங்கிறீற் சுவரும் கொங்கிறீற் தட்டுமாகக் கட்டியிருந்தார். யார் எந்த அறைக்குப் போவது என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். வானத்தைப் பார்க்கவென்று ஆள் வெளியே நின்றார், அவர் சொன்ன சில நிமிடங்களுக்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

வற்றாப்பளைக்கு எது பொருந்தும் என்று யோசிக்கும்போது இந்தக் கழிவறையை விட்டு என்னால் நகர முடியவில்லை. பதினைந்து பேர் வேலை செய்யும் அரிசி ஆலைக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு அறை கட்டு என்று சொன்னால் முதலாளி கேட்க மாட்டார், கேட்க அவருக்கு வசதியும் இராது. கழிவறை கட்டத்தான் வேண்டும். அதைச் சீற் போட்டு முடிக்காமல், நாலு மூலையிலும் கம்பித் தூண் எழுப்பி, மேலே நாலு அங்குலத் தட்டுப் போட்டு, கதவை உட்பக்கம் தாழிடும்படி வைத்தால், அதுவே அந்த வேலைத்தலத்தின் பலமான அறையாகிவிடும். தட்டின் மேல் தண்ணீர்த் தாங்கியை வைக்காமல் வேறு தாங்கு கோபுரத்தில் வைக்க வேண்டும். அளவைக் கொஞ்சம் கூட்டினால் எல்லோரும் நெருக்கி நிற்க இடம் கிடைக்கும். கட்டட அனுமதி கொடுக்கும் பிரதேச சபை, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் எந்தப் புதிய கொட்டகைக்கும் இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம் என்பது என் துணிபு. கிளிநொச்சி அறிவியல்நகர் போன்ற இடங்களில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே கூரைக்குக் கீழே தைக்கும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகளுக்கு இது இன்னும் அவசியம். நடுவில் தூண் குறைந்த, அகன்ற கூரைதான் காற்றுக்கு முதலில் தோற்பது. மேஃபீல்டிலும் எட்வேர்ட்ஸ்வில்லிலும் தோற்றது அத்தகைய கட்டடமே.

நிலத்துக்குக் கீழே ஒதுங்குவதைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கையேடுகள் நிலவறையைத்தான் முதலில் சொல்கின்றன. வன்னியில் எவருக்கும் பங்கர் வெட்டக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நந்திக்கடலின் இரு கரையிலும், போர் முடிந்த 2009இன் முதல் மாதங்களைக் கடந்தவர்களுக்கு அது உடம்பில் பதிந்த அறிவு. ஆனால் இந்தக் காற்று மழையோடு வருவது. கடல்நீரேரிக்கு அருகே, தாழ்ந்த மணல் நிலத்தில், மாரி காலத்தில் ஒரு முழம் வெட்டினாலே நீர் ஊறும். வெட்டிய குழி ஆளைக் காப்பதற்கு முன் நிரம்பிவிடும். அந்த அனுபவத்தை அப்படியே இந்த ஆபத்துக்குப் பொருத்தக்கூடாது. வற்றாப்பளையில் பாதுகாப்பு நிலத்துக்கு மேலே, கொங்கிறீற் தட்டுக்குக் கீழே இருக்கிறது. குழிக்குள் இறங்குவது பழைய பயத்தைக் கிளறும் பலருக்கும் இது நல்லதே.

வயலிலும் நீரேரியிலும் நிற்பவர்களுக்குத் தட்டும் இல்லை, சுவரும் இல்லை. அவர்களைக் காற்றைவிட மின்னல் அதிகம் கொல்லும், இரண்டும் ஒரே முகிலிலிருந்து வருகின்றன. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இறங்கியிருக்கிறது, வேலையை விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிந்த பிறகே திரும்ப வேண்டும். இந்த விதிக்குக் கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது எங்கே போவது என்ற பதில். வெளி வயலில் காவற்கொட்டில் பதிலாகாது, தனித்து நிற்கும் பனையும் மருதும் பதிலாகா. உழவு இயந்திரத்தின் திறந்த இருக்கை பதிலாகாது. மூடிய லொறியோ வானோ, கண்ணாடிகளை ஏற்றிவிட்டால், மின்னலுக்கு நல்ல பதில், ஆனால் கடும் சுழற்காற்றுக்குக் கெட்ட பதில். இப்படி முரணும் இடங்கள் இருப்பதால்தான் முடிவை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்பு கூடும் கூட்டத்தில், எந்த வட்டையில் நிற்பவர் எந்தக் கட்டடத்துக்குப் போவது, எந்த நேரத்தில் கைவிடுவது என்று பேசி முடித்துவிடலாம். நந்திக்கடலில் தொழில் செய்வோருக்கு அவர்களின் கடற்றொழிலாளர் சங்கம் இதையே செய்யலாம். வாடையும் சோளகமும் கச்சானும் எப்போது திரும்பும் என்று நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மழைக்கு முன் சட்டென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் கீழ்வீச்சு அருகில் வந்துவிட்டது என்று வானிலையாளர் சொல்வதும், அவர்கள் சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்தாலும் வேலையை நிறுத்துவது யார்? நாட்கூலிக்கு வந்த பெண் இரண்டு மணிக்கு வயலை விட்டு ஏறினால் அரைநாட் கூலி போகும், அடுத்த நாள் கூப்பிடாமலும் விடலாம். கரைவலை இழுப்பவருக்குப் பங்கு போகும். ஆடைத் தொழிற்சாலையில் அன்றைய இலக்குப் போகும், இலக்கோடு ஊக்கத்தொகையும் போகும். மேஃபீல்டின் தொழிலாளர்கள் சொன்ன அந்த மிரட்டல் இங்கே வாயால் சொல்லப்படத் தேவையில்லை, கூலி முறையே அதைச் சொல்லிவிடுகிறது. 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சர்வதேசத் தொழில் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை, உயிருக்கு உடனடியான பாரதூரமான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகும் தொழிலாளியைத் தகாத விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. 2022இல் அந்தச் சமவாயம் அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாக உயர்த்தப்பட்டது. நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தீப்பிடித்தால் வெளியேறும் வழியைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அது எழுதப்பட்ட காலத்தின் பயம் தீ. திறந்தவெளி வயலும் நீரேரியும் அதன் எல்லைக்குள் வருவதே இல்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, ஆனால் வாய்மொழியாக அழைத்து, கையில் காசு கொடுத்து முடியும் வேலையில் யார் யாருக்கு வேலை செய்தார் என்று நிறுவுவதே பெரும்பாடு.

ஆகவே நான் முதலில் கேட்பது கூலியை. வானிலை காரணமாக நிறுத்தப்பட்ட நாளில், நிறுத்திய நேரம் வரை அல்லாமல் முழுநாளுக்கும் கூலி கொடுப்பது என்று கமக்காரர் அமைப்பும் ஒப்பந்தகாரரும் பருவத் தொடக்கத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு போகத்தில் இப்படிப் போகக்கூடிய நாட்கள் மிகக் குறைவு, அதன் செலவு ஒரு உர மூட்டைச் செலவோடு ஒப்பிடத்தக்கது. அரச பணத்தில் நடக்கும் வீதி, குளக்கட்டு வேலைகளில் இதை ஒப்பந்த வாசகமாகவே எழுதலாம். கூலி உறுதியானால் எச்சரிக்கையை மக்கள் கேட்பார்கள். கூலி உறுதியாகாத இடத்தில் எத்தனை சைரன் ஒலித்தாலும் அவர்கள் நின்று வேலை செய்வார்கள்.

அனர்த்த நேரத்திலேயே வேலை செய்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தின்போது, சுண்டிக்குளம் பக்கம் நீரைக் கடலுக்கு விட முகத்துவாரத்தை அகலப்படுத்தப் போன கடற்படையினர் ஐவர் நீரோடு போய் உயிரிழந்தார்கள். மின்கம்பம் நிமிர்த்துபவர், அறுந்த கம்பியைச் சுற்றுபவர், வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலத்தின் மேல் நீர் பாயும்போது வாகனத்தை மறித்து நிற்பவர், மருத்துவமனைத் தாதியர், கிராம அலுவலர் ஆகிய எல்லோருக்கும் அது வேலைத்தலம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிடும் நிலைமை அறிக்கையில் குடும்பங்கள், ஆட்கள், மரணங்கள், முழுதாகவும் பகுதியாகவும் சேதமான வீடுகள் என்று கட்டங்கள் இருக்கின்றன. இறந்தவர் அப்போது வேலையில் இருந்தாரா என்று கேட்க ஒரு கட்டம் சேர்த்தால், ஐந்து ஆண்டுகளில் இந்தக் கட்டுரை போன்றவை ஊகத்தை விட்டுக் கணக்கோடு பேச முடியும்.

காற்று ஓய்ந்த பின்னான முதல் மணித்தியாலமும் ஆபத்தானது. அறுந்து கிடக்கும் மின்கம்பி, தொங்கும் தகரம், உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றின் தூசு எல்லா ஊருக்கும் பொது. முல்லைத்தீவுக்கு மேலதிகமாக ஒன்று இருக்கிறது. வெள்ளமும் வேரோடு சாய்ந்த மரமும் மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருளை மேலே கொண்டுவரும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும். மிதிவெடி அகற்றப்பட்டது என்று அறிவித்த நிலத்திலும் பறந்து போன தகரத்தைத் தேடிப் பற்றைக்குள் இறங்கக்கூடாது. சந்தேகப் பொருளைக் கண்டால் தொடாமல் பொலிசுக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ சொல்ல வேண்டும். தகரத்தைத் தேடும் வேலையைத் தொழிலாளிக்குக் கொடுக்கும் முதலாளிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வற்றாப்பளையின் மிகப் பெரிய வேலைத்தலம் ஆண்டில் ஒருநாள்தான் உருவாகிறது. கண்ணகை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு வடக்கிலும் கிழக்கிலுமிருந்து ஆட்கள் திரளும்போது, அவர்களுக்காகக் கடை போட்டு, தண்ணீர்ப்பந்தல் நடத்தி, மின்பிறப்பாக்கி ஓட்டி, பந்தல் கட்டி இரவு முழுதும் வேலை செய்பவர்களும் திரள்கிறார்கள். தறப்பாளும் தகரமும் தற்காலிக மின்கம்பியும் பலத்த காற்றில் மூன்று தனித்தனி ஆபத்துகள், சனத்திரளுக்குள் அவை ஒரே ஆபத்தாகிவிடும். வைகாசி சோளகம் எழும் மாதம். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு முன் மாவட்டச் செயலகத்தில் கோவில் நிர்வாகமும் பொலிசும் சுகாதாரத் துறையும் போக்குவரத்துச் சபையும் கூடி ஏற்பாடுகளைப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் காற்றை ஒரு விடயமாகச் சேர்க்கலாம். எந்த வேகத்தில் தறப்பாளை இறக்குவது, மின்பிறப்பாக்கியை நிறுத்தும் அதிகாரம் யாருடையது, கோவில் ஒலிபெருக்கியில் என்ன வாசகம் சொல்லப்படும், அதைச் சொல்பவர் யார், கடைக்காரர் எந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போவது என்ற ஐந்து கேள்விகளுக்கும் பெயரோடு பதில் எழுதி, கடை அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க ஒரு நாள் வேலை போதும்.